தொப்புளுக்கு மேலே ஒரு துடிப்பு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கிராம முகாமுக்கு வந்திருந்த நர்சிங் மாணவிகளுக்காகப் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசினதெல்லாம் குழுவில் வரவு செலவு வாசிச்சதோட சரி. போன வாரம் டீச்சரும் நாலு பிள்ளைகளும் எங்க வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தாங்க. எங்க மாமா, அதாவது என் மாமனார், சட்டை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரைக்கும் அவருக்கு ஒரு நீளத் தழும்பு இருக்கு. டீச்சர் என்ன ஆபரேஷன் என்று கேட்டாங்க. நான் "அயோர்டிக் அனியூரிசம், 6.1 சென்டிமீட்டர், ஓபன் பண்ணினாங்க" என்று சொல்லிட்டேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. டீச்சர்தான், விழாவில் இதை நீங்களே பேசுங்க, புத்தகத்தில் படிக்கிறதை விட இவங்களுக்கு மனசில் நிக்கும் என்று சொல்லிட்டுப் போனாங்க. தப்பா ஏதாவது சொன்னால் டீச்சர் அங்கேயே கையைத் தூக்கி நிறுத்தணும்.

முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன். இங்க இருக்கிற பாதிப் பேருக்கு மல்லிகைத் தோட்டம் இருக்கு. மோட்டார் போட்டதும் ரப்பர் ஹோஸ் விறைச்சு நிக்கும். அது பழசாகி, வெயில் பட்டு நைஞ்சு போன ஒரு இடத்தில் மட்டும் முட்டை மாதிரிப் புடைக்கும், பார்த்திருப்பீங்க. நம்ம உடம்பிலும் இதயம்தான் மோட்டார். அதிலிருந்து கிளம்பி நெஞ்சு வழியா வயித்துக்குள்ள இறங்கி, தொப்புள் பக்கத்தில் ரெண்டா பிரிஞ்சு ரெண்டு காலுக்கும் போற பெரிய குழாய் ஒன்று இருக்கு. பெருந்தமனி என்று தமிழில் சொல்றாங்க, டாக்டர்கள் அயோர்ட்டா என்கிறாங்க. வயித்துப் பக்கம் அது சாதாரணமா 2 சென்டிமீட்டர் அகலம். நம்ம கட்டைவிரல் தண்டி வச்சுக்குங்க. அந்தச் சுவர் பலம் இழந்து ஒரு இடத்தில் உப்பி 3 சென்டிமீட்டர் ஆயிட்டாலே அதுக்கு அனியூரிசம் என்று பேர். தமனிப் புடைப்பு என்று சொல்லலாம்.

ஹோஸை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு ரப்பர், நடுவில் நூல் வலை, வெளியே ஒரு ரப்பர் இருக்கும். தமனிக்கும் மூணு அடுக்குதானாம். மூணும் சேர்ந்து உப்பினால் அது உண்மையான புடைப்பு. சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்பி, நூல் சுத்தின கதிர் மாதிரி இருந்தால் ஃபியூசிஃபார்ம். ஒரு பக்கம் மட்டும் பை மாதிரித் தொங்கினால் சாக்குலர். இன்னொன்று பொய்ப் புடைப்பு. அதில் சுவர் உப்பலை, ஓட்டையே விழுந்திடுச்சு. வெளியே வந்த ரத்தத்தைச் சுத்தியிருக்கிற சதை பிடிச்சு வச்சிருக்கும். ஆஞ்சியோ பண்ணின பிறகு தொடை இடுக்கில் ஊசி போட்ட இடம் வீங்கித் துடிச்சால் அதை நினைங்க என்று எங்க வார்டு சிஸ்டர் சொன்னாங்க. அப்புறம் டிசெக்‌ஷன் என்று ஒன்று. உள் அடுக்கு கிழிஞ்சு, ரத்தம் அடுக்குக்கு நடுவில் புகுந்து உரிச்சுக்கிட்டே போறது. திடீர்னு நெஞ்சையும் முதுகையும் பிளக்கிற மாதிரி வலிக்கும். அது வேற நோய், ஆனால் அண்ணன் தம்பி மாதிரி.

இது எங்கெல்லாம் வரும் என்றால், நெஞ்சுக்குள்ளே வரும், வயித்தில் வரும், மூளையில் வரும், முழங்காலுக்குப் பின்னாடி வரும். முழங்கால் பின்னாடி வர்றது வெடிக்கிறதை விட அடைச்சுக்கிறதுதான் அதிகம். உள்ளே கட்டின ரத்தம் கீழே போய் அடைச்சு, கால் சில்லிட்டு வெளுத்துப் போகும். அப்படி ஒருத்தருக்கு இருந்தால் வயித்தையும் ஸ்கேன் பண்ணிப் பார்ப்பாங்க. மண்ணீரலுக்குப் போற குழாயிலும் வரும், அது பெண்களுக்குத்தான் கூட. மாசமா இருக்கும்போது அது வெடிச்சால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

நெஞ்சில் வர்றதுக்கு நான் உதாரணம் சொல்ல வேண்டியதே இல்லை. 2024 செப்டம்பர் 30ஆம் தேதி ரஜினிகாந்த் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தப்போ நம்ம ஊர்ல டீவி முன்னாடி இருந்து யாருமே எழுந்திருக்கலை. இதயத்திலிருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயில் வீக்கம், அறுவை சிகிச்சை இல்லாமல் ஸ்டென்ட் வச்சு அடைச்சாச்சு என்று ஆஸ்பத்திரியில் அறிக்கை விட்டாங்க. எங்க மாமா அன்னைக்குச் சாவடியில் உட்கார்ந்து, "எனக்கு வந்தது தலைவருக்கும் வந்திருக்கு" என்று ஒரே பெருமை. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டில் யாரும் சிரிக்கலை.

2022ஆம் வருஷம் மாமாவுக்கு வயசு 67. பதினெட்டு வயசிலிருந்து பீடி. ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்குக் குறையாது. தை மாசத்திலிருந்து இடுப்பு வலி, முதுகு வலி என்று சொல்லிக்கிட்டே இருந்தார். பூப்பறிக்கக் குனியற ஆளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுட்டோம். அப்புறம் வயிறு ஒரு மாதிரி கனமா இருக்கு என்றார். டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனோம். வாயுத் தொந்தரவு என்று ஊசி போட்டாங்க. அடுத்த தடவை கல்லா இருக்கும் என்றாங்க. மூணு தடவை போனோம், மூணு தடவையும் அவரைப் படுக்க வச்சுப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் உட்கார வச்சே சீட்டு எழுதிட்டாங்க.

வீட்டில் நாங்க என்ன செஞ்சோம் என்பதையும் சொல்லணும். வாயுதானே என்று நான் விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். எங்க அத்தை ராத்திரி ராத்திரி அவர் வயித்தை நீவி விட்டாங்க. சுளுக்கு எடுக்கிறவர் ஒருத்தரைக் கூப்பிட்டு முதுகிலும் அமுக்கச் சொன்னோம். உள்ளே அது 6 சென்டிமீட்டர் தாண்டி, பலூன் மாதிரி மெலிஞ்சு போய் நின்னுட்டிருந்தது அப்போ எங்களுக்குத் தெரியாது. பின்னாடி தெரிஞ்சப்போ எங்க அத்தை ரெண்டு நாள் சாப்பிடலை. இன்னைக்கும் விளக்கெண்ணெய் வாசம் வந்தால் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும்.

அவரைக் காப்பாத்தினது மூணு பெண்கள். முதல் ஆள் நம்ம குழு அக்கா. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்போ நம்ம குழுக்களிலிருந்துதானே பெண்களை எடுத்தாங்க. வீடு வீடா பிரஷர் மிஷினைத் தூக்கிட்டு வருவாங்களே, அவங்கதான். மாமாவுக்கு 180க்கு 100 இருந்துச்சு. மறுபடி அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தாங்க, அதேதான். "நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வா, வராட்டி நான் வந்து இழுத்துட்டுப் போவேன்" என்று என்னைத் திட்டினாங்க.

ரெண்டாவது ஆள் அங்கே இருந்த நர்ஸ். தங்கச்சிகளா, இதுக்குத்தான் உங்களை இங்க உட்கார வச்சிருக்கேன். அந்தப் பிள்ளைக்கு உங்களை விட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். ஈசிஜி எடுக்க மாமாவைப் படுக்க வச்சுச் சட்டையை விலக்கினாங்க. எடுத்து முடிச்சுட்டு, அவர் சட்டைப் பித்தானைப் போடும்போது கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே அவர் வயிறு துடிச்சுக்கிட்டிருந்தது. நாடியோட சேர்ந்து ஒவ்வொரு துடிப்புக்கும் எழும்பி எழும்பி இறங்குச்சு. நாங்க அத்தனை நாளா பக்கத்திலேயே இருந்தும் பார்க்காததை அவங்க பார்த்தாங்க. எங்க வீட்டுக்காரர் தொட்டுப் பார்க்கக் கையைக் கொண்டு போனார். "அண்ணே, அமுக்காதீங்க" என்று தட்டி விட்டாங்க. உடனே டாக்டரைக் கூப்பிட்டாங்க. ஒல்லியான ஆளுக்கு லேசாத் துடிக்கிறது தெரியும், அது எல்லாமே நோய் இல்லை, ஆனால் வயசான, புகை பிடிக்கிற ஆளுக்கு இப்படித் துடிச்சால் ஸ்கேன் எடுக்காமல் அனுப்பக் கூடாது என்று பின்னாடி எனக்கு விளக்கினாங்க.

மூணாவது ஆள் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா. மாசமா இருக்கும்போது நமக்கெல்லாம் எடுத்தாங்களே, அதே ஜெல் தடவி எடுக்கிற ஸ்கேன்தான். வலி கிடையாது, ஊசி கிடையாது. அவ்வளவு சின்ன விஷயத்தில் கண்டுபிடிக்கக்கூடிய நோய் இது, ஆனால் எடுக்கணும் என்று ஒருத்தருக்குத் தோணணும். 6.1 என்று எழுதிக் கொடுத்து, பஸ்ஸில் கூட்டிட்டுப் போகாதீங்க என்று 108க்கு அவங்களே போன் போட்டாங்க.

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் ஆபரேஷனுக்கென்றே தனிப் பிரிவு இருக்கு. அங்கே சிடி ஆஞ்சியோ எடுத்தாங்க. கையில் சாய ஊசி போட்டு, குழாய் முழுசையும் படமாப் பார்க்கிறது. அதுக்கு முன்னாடி கிரியேட்டினின் பார்த்தாங்க, ஏன்னா அந்தச் சாயம் கிட்னி வழியா வெளியே போகணும். அலர்ஜி இருக்கா என்று நாலு பேர் நாலு தடவை கேட்டாங்க. நான் முதல்ல சலிச்சுக்கிட்டேன், அப்புறம்தான் அது நல்லதுக்கு என்று புரிஞ்சது.

ஏன் வந்துச்சு என்று கேட்டேன். பீடி, பிரஷர், வயசு, ஆம்பளை, இந்த நாலும் சேர்ந்தது என்றார் டாக்டர். புகை அந்த நடு அடுக்கில் இருக்கிற நூல் வலையையே அரிச்சிடுமாம். உள் சுவரில் கொழுப்புப் படியறதும் ஒரு காரணம். ரத்த சொந்தத்தில் யாருக்காவது இருந்தால் வரலாம். மார்ஃபான் என்று ஒரு பிறவிக் குறை இருக்கு, ஆள் நெட்டையா, விரல் நீளநீளமா இருப்பாங்க, அவங்களுக்குச் சின்ன வயசிலேயே நெஞ்சுக் குழாய் உப்பும். டைபாய்டு இனத்துக் கிருமி ரத்தத்தில் போய்ச் சுவரில் உட்கார்ந்தாலும் வரும். அடிபட்டும் வரும். டயாலிசிஸ் பண்றவங்க கையில் ஊசி குத்திக் குத்தி புடைச்சு நிக்குதே, அதுவும் இந்த ஜாதிதான்.

வயித்துப் புடைப்பு ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர், பெண்களுக்கு 5 வந்துட்டால் ஆபரேஷனைப் பத்திப் பேச ஆரம்பிப்பாங்க. அதுக்குக் கீழே இருந்தால், வலியும் இல்லாமல் இருந்தால், பிரஷரைக் கட்டுப்படுத்தி, பீடியை நிறுத்தி, கொழுப்பு மாத்திரை கொடுத்து, கெடு வச்சு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு இருப்பாங்க. வேகமா வளர்ந்தால், வலி வந்தால் காத்திருக்க மாட்டாங்க. பலூன் ஊதும்போது முதல்ல கஷ்டமா இருக்கும், கொஞ்சம் பெருசாயிட்டால் சுலபமா ஊதும், அதே மாதிரிதான் இதுவும் பெருசாக ஆக சுவர் தாங்கற சக்தி குறையும் என்று எங்க வீட்டுக்காரருக்கு விளக்கினார் அந்த டாக்டர். மாமாவுக்கு 6.1, அதோட முதுகு வலியும் இருக்கு. நாள் கடத்தக் கூடாது என்றார். உள்ளுக்குள்ளே வெடிச்சிட்டால் பெரும்பாலான ஆட்கள் ஆஸ்பத்திரி வந்தே சேர மாட்டாங்க என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். திடீர் வயித்து வலி, முதுகு வலி, வயித்தில் துடிக்கிற கட்டி, பிரஷர் இறங்கி மயக்கம், இந்த மூணும் சேர்ந்து வந்தால் அது வெடிச்சதாத்தான் நினைக்கணும்.

ஆபரேஷனிலும் உயிருக்கு ஆபத்து உண்டு, கையெழுத்துப் போடணும் என்றாங்க. அங்கேதான் எங்க வீடு ரெண்டாப் பிரிஞ்சது. எங்க கொழுந்தனார் வேண்டாம், இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்றார். மாமா, "கத்தி படாமலே போயிடறேன், என்னை ஊருக்குக் கொண்டு போங்க" என்று பிடிவாதம். பெரிய விஞ்ஞானி ஐன்ஸ்டீன் இருக்காரே, அவருக்கும் இதே வயித்துப் புடைப்புதான். 1948இல் ஒரு தடவை அதைச் சுத்திச் செல்லோபேன் தாளை வச்சுக் கட்டினாங்க. 1955 ஏப்ரலில் அது வெடிச்சப்போ ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிட்டார், இறந்துட்டார். இதை எங்க பாப்பா போனில் பார்த்துச் சொல்லுச்சு. அவ்வளவு படிச்சவரே வேண்டாம் என்றிருக்கார் என்று கொழுந்தனார் அதையும் தனக்குச் சாதகமாக்கிட்டார்.

எங்க அத்தை அதுவரை பேசவே இல்லை. கடைசியில் மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீ நல்லாத்தான் போயிடுவ, நீவி விட்ட கையை நான் எங்க கொண்டு போய்க் கழுவ?" என்று கேட்டாங்க. மாமா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துட்டுப் படுத்திருந்தார். அப்புறம் மை டப்பாவைக் கொண்டு வாங்க என்று சொல்லிக் கைநாட்டு வச்சார்.

காசு விஷயம் சொல்லணும். அரசாங்க ஆஸ்பத்திரி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அதனால் ஆபரேஷனுக்குச் செலவில்லை. ஆனால் கூட இருக்கிறவங்க சாப்பாடு, பஸ், ரத்தம் கொடுக்க வந்தவங்களுக்குச் செலவு, ரெண்டு பேருக்கு வேலை போனது, இதெல்லாம் யார் கொடுப்பா? நான் மதுரையிலிருந்து போன் பண்ணின அன்னைக்கு சாயங்காலமே குழுவில் அவசரக் கூட்டம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, 15,000 ரூபாய் உள்கடன் கொடுத்து விட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டது பதினஞ்சு நாள் கழிச்சுத்தான். சட்டப்படி தப்புதான், வங்கி சார் மன்னிக்கணும்.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்று, தொடை இடுக்கில் உள்ள குழாய் வழியா, துணி போர்த்தின ஸ்டென்ட்டை மடக்கி உள்ளே அனுப்பி, புடைப்புக்கு நடுவில் விரிச்சு விடறது. ஈவார் என்று பேர். 1990இல் அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி என்ற டாக்டர் ஆரம்பிச்சு வச்சது. சீக்கிரம் எழுந்து நடக்கலாம், ஆனால் ஓரத்தில் ரத்தம் கசியுதா என்று ஆயுசு முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும். அதோட புடைப்புக்கு மேலே அதைப் பிடிச்சு நிறுத்த நல்ல கழுத்து வேணும். மாமாவுக்கு அந்தக் கழுத்து குட்டையா, கோணலா இருந்துச்சு. அதனால் ரெண்டாவது வழி, வயித்தைத் திறந்து செய்யறது. மேலேயும் கீழேயும் குழாயைக் கவ்வி நிறுத்தி, புடைப்பைப் பிளந்து, உள்ளே டெக்கரான் குழாயை வச்சுத் தைச்சு, பழைய சுவரையே அதுக்கு மேலே போர்வை மாதிரி மூடிடுவாங்க.

டெக்கரான் என்றால் என்னன்னு நினைக்கிறீங்க? பாலியஸ்டர். நம்ம தையல் யூனிட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறோமே, அந்த இனம்தான். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. அமெரிக்காவில் ஹூஸ்டன் ஊரில் மைக்கேல் டிபேக்கி என்று ஒரு பெரிய டாக்டர் இருந்தார். சின்ன வயசில் அம்மாகிட்டத் தையல் கத்துக்கிட்டவர். 1950களில் தமனிக்கு மாற்றுக் குழாய் செய்ய நைலான் துணி வாங்கக் கடைக்குப் போயிருக்கார். நைலான் தீர்ந்து போச்சு, புதுசா டெக்கரான் என்று ஒன்று வந்திருக்கு என்று கடையில் சொல்ல, அதையே வாங்கிட்டு வந்து, வீட்டில் மனைவியோட தையல் மிஷினில் உட்கார்ந்து குழாய் தைச்சிருக்கார். கடைசியில் அவருக்கே 97 வயசில் பெருந்தமனி கிழிஞ்சு, 2006இல் அதே டெக்கரான் குழாயை வச்சுத் தைச்சாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷத்துக்கு மேலே இருந்து, நூறு வயசுக்கு ரெண்டு மாசம் குறைச்சலாத்தான் போனார். தையல் யூனிட் அக்காமார் யாராவது இனிமேல் "வெறும் மிஷின்தானே ஓட்டறேன்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆபரேஷன் அஞ்சு மணி நேரம் நடந்துச்சு. அதுக்கப்புறம் ஐசியூவில் நர்ஸ்மார் செஞ்சதைத்தான் நான் பக்கத்திலிருந்து கவனிச்சேன். மாமா ரெண்டு பாதத்து மேலேயும் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தாங்க. ஒவ்வொரு மணிக்கும் அந்தக் குறி மேலே விரல் வச்சு நாடி பார்த்தாங்க, கால் சூடா இருக்கா, நிறம் எப்படி, விரலை அசைக்கிறாரா என்று எழுதினாங்க. புதுக் குழாயில் அடைப்பு வந்தால் கால்தான் முதல்ல சொல்லும். மணிக்கு மணி சிறுநீர் அளவு பார்த்தாங்க, கிட்னிக்கு ரத்தம் போகுதா என்று தெரிய. பிரஷர் ஏறினாலும் விடலை, இறங்கினாலும் விடலை. ரெண்டாம் நாள் அவர் இருமக் கஷ்டப்பட்டப்போ ஒரு தலையணையை வயித்தோட சேர்த்துக் கட்டிப் பிடிச்சு இருமச் சொல்லிக் கொடுத்தாங்க. மூணாம் நாள் ராத்திரி வலது கால் சில்லுன்னு இருக்கு என்று ஒரு சிஸ்டருக்குப் பட்டுச்சு. விடியட்டும் என்று இருக்கலை, அந்த நேரத்திலேயே டாக்டரை எழுப்பினாங்க. டாப்ளர் வச்சுப் பார்த்தப்போ ரத்த ஓட்டம் இருந்துச்சு, போர்வை விலகினதில் குளிர்ந்திருக்கு. டாக்டர் அவங்களைத் திட்டலை. "நல்லது சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிட்டுப் போனார். வெறும் குளிர்ச்சிக்காக எழுப்பிட்டோமே என்று அவங்களும் வெட்கப்படலை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது என்றாங்க. இனிமேல் எதுக்கு டாக்டர்கிட்டப் போனாலும் இந்தச் சீட்டைக் காட்டணும், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரிச் சில ஆன்டிபயாடிக் இவருக்கு வேண்டாம் என்றாங்க. அந்த வகை மருந்து பெருந்தமனிச் சுவரைப் பாதிக்கலாம் என்று 2018இலேயே அமெரிக்காவில் எச்சரிக்கை கொடுத்திருக்காங்க. நம்ம ஊர்ல வயித்துப்போக்கு என்றால் கடையில் அதைத்தானே கேட்டு வாங்கறோம்.

ரத்த சொந்தத்தில் பார்க்கச் சொன்னாங்க. சின்ன மாமாவுக்கு எடுத்தோம், 3.8 இருந்துச்சு. வருஷம் ஒரு தடவை ஸ்கேன். பீடியை விட்டுட்டாரா என்று கேட்காதீங்க, பாதி விட்டிருக்கார். எங்க வீட்டுக்காரர் சிகரெட்டை அன்னைக்கே விட்டார். அம்பது வயசு ஆனதும் அவருக்கும் எடுக்கணும்.

இன்னொன்று சொல்லணும். இது எங்க குழுக்காரங்களுக்கு. 2016இல் நம்ம குழுவில் ஒரு அக்கா இறந்தாங்களே. பேர் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். 43 வயசு. பிரஷர் இருந்துச்சு, மாத்திரையை நினைச்சால் போடுவாங்க. ஒரு சனிக்கிழமை திடீர்னு மண்டையில் இடி விழுந்த மாதிரித் தலைவலி வந்து வாந்தி எடுத்தாங்க. நான்தான் தைலம் தேய்ச்சு விட்டேன். கழுத்து பிடிச்சிருக்கு என்றாங்க. மறுநாள் குறைஞ்சிடுச்சு. திங்கள்கிழமை குழுக் கூட்டத்துக்கு வந்தப்போ ஒரு கண் இமை தொங்கி இருந்துச்சு. தூக்கம் பத்தலையா அக்கா என்று நாங்க கேலி பண்ணினோம், அவங்களும் சிரிச்சாங்க. புதன்கிழமை நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலேயே விழுந்துட்டாங்க. மதுரையில் சிடி எடுத்தாங்க. மூளையில் மிளகு தண்டிப் புடைப்பு ஒன்று முதல்ல லேசாக் கசிஞ்சு, அப்புறம் முழுசா வெடிச்சிருக்கு என்றாங்க. ரெண்டு நாள்தான் இருந்தாங்க.

சனிக்கிழமை தலைவலியே முதல் கசிவு, இமை தொங்கினது புடைப்பு அந்த நரம்பை அமுக்கினதால் என்று எனக்கு இப்போ தெரியும். மூளைப் புடைப்பு ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம். அன்னைக்கே போயிருந்தால் மண்டையைத் திறந்து கழுத்தில் கிளிப் போட்டிருக்கலாம், இல்லாட்டி தொடை வழியாவே கம்பிச் சுருள் அனுப்பி அடைச்சிருக்கலாம். நிச்சயம் பிழைச்சிருப்பாங்க என்று நான் சொல்லலை, டாக்டரும் சொல்லலை. ஆனால் நாலு நாள் இருந்துச்சு. அதில் ஒரு நாள் எங்க எல்லார் முன்னாடியும் உட்கார்ந்து சந்தா கட்டிட்டுப் போனாங்க. அந்தத் தேதி சேமிப்புப் புத்தகத்தில் என் கையெழுத்தில்தான் இருக்கு. இப்போ அவங்க மக அதே இடத்தில் உட்கார்ந்து கட்டுது.

அதனால் எங்க குழுவில் ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். வாழ்க்கையில் இதுவரை வராத மாதிரி, ஒரு நொடியில் உச்சத்துக்குப் போற தலைவலி யாருக்கு வந்தாலும், இமை தொங்கினாலும், ஒரு கண் பாப்பா மட்டும் பெருசாத் தெரிஞ்சாலும், வீட்டுக்காரர் வரட்டும், மாடு கறக்கட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடறது. ஆட்டோச் செலவு ஆனால் குழுப் பணத்திலிருந்து, கடனா இல்லை, செலவா எழுதறது. ரெண்டு தடவை கூப்பிட்டோம். ரெண்டும் ஒற்றைத் தலைவலிதான். பரவாயில்லை என்று எழுதி வச்சிருக்கோம்.

தங்கச்சிகளா, சாப்பாடு தயாராயிடுச்சு என்று சைகை காட்டறாங்க. சாப்பிட்டு முடிச்சதும் எங்க வீட்டுக்கு வாங்க. மாமா குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டித் தயாரா உட்கார்ந்திருக்கார். பாதத்து நாடி எங்கே இருக்கு என்று நிறையப் பேருக்குச் சட்டுன்னு கிடைக்காதாமே, டீச்சர் சொன்னாங்க. அவர் ரெண்டு காலையும் நீட்டித் தரேன் என்று சொல்லியிருக்கார், எத்தனை பேர் வேணும்னாலும் பார்த்துக்குங்க. வயித்தை மட்டும் யாரும் தொட வேண்டாம், எங்க அத்தை விட மாட்டாங்க.